அந்தோனியாரை மினுக்கிய கதை

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. வேலையைப் பார்ப்பார்கள், விசாவைப் பார்ப்பார்கள், குடிப்பானா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். முகம் கடைசி. கண்ணாடியில் என்னை அடிக்கடி பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் என்னைப் பார்க்க வந்தவர் பார்த்தது இவை ஒன்றையும் அல்ல. நான் ஒரு செப்புத் தகட்டை என்ன பாடு படுத்தி வைத்திருந்தேன் என்பதை அவர் பார்த்தார். என் கலியாணம் அதில்தான் தொங்கிக்கொண்டு நின்றது.

எண்பதுகளின் கடைசி. மனோர் பார்க்கில் அக்கா வீட்டு மேல்மாடி அறையில் இருந்தேன். அப்போது லண்டனுக்கு வந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேர் பெற்றோல் ஷெட்டில் நின்றார்கள். (அத்தான் நின்றார், அத்தானின் தம்பி நின்றார், ஊரில் எனக்குப் பௌதிகம் படிப்பித்த மாஸ்டரும் நின்றார். அவரிடம் இன்னமும் சேர் என்று சொல்லித்தான் மிச்சக்காசு வாங்குவேன்.) நானும் கொஞ்சக் காலம் நின்றேன். பிறகு நூலகப் பலகையில் ஒரு விளம்பரம் கண்டேன். அச்சகம் ஒன்றுக்குப் பலசாலி ஒருவர் தேவையாம். பத்திரிகை அடிக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

போனால், கிழக்கு லண்டனில் பௌ என்ற இடத்தில், ரெயில் பாலத்துக்குக் கீழே ஒரு குகை. மேலே ரெயில் போகும்போதெல்லாம் தேத்தண்ணிக் கோப்பை நடுங்கும். உரிமையாளர் மிஸ் ஆல்டர்டன், அறுபதை எட்டிப்பிடிக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி, மெலிந்து உயர்ந்தவர், குரலை ஒருபோதும் உயர்த்தாதவர். அங்கே அச்சடித்தது செப்புத் தகடுகளிலிருந்து. பாதி இக்கால ஓவியர்களுடையவை, மீதி தேவாலயங்களும் சேகரிப்பாளர்களும் கொண்டுவரும் பழைய சாமிப் படத் தகடுகள். நடுவில் பெரிய சக்கரம் வைத்த இரும்பு யந்திரம். அதைச் சுற்றத்தான் பலசாலி தேவைப்பட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் மிஸ்ஸின் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் வேறு யாரும் விண்ணப்பித்திருக்கவில்லை.

வேலை விளங்கிக்கொள்ள எளிது. கூரான உருக்கு உளியால் செம்பில் கோடு கோடாகப் படத்தை வெட்டியிருப்பார்கள். தகட்டைச் சூடாக்கி, மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் கோடுகளுக்குள் மட்டும் மை நிற்கும். மேலே ஈரக் கடதாசி, அதன்மேல் கம்பளி, பிறகு சக்கரம். கடதாசி கோட்டுக்குள் இறங்கி மையை உறிஞ்சிக்கொண்டு வரும். மிஸ் முதல் நாளே ஒன்று சொன்னார்: செம்புக்கு நல்ல கோடு கெட்ட கோடு தெரியாது, உன் நகம் பட்ட கீறலிலும் மை நிற்கும், அதுவும் அச்சில் வரும், ஆகவே கவனம். நான் தலையாட்டினேன். சொன்னது ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அது எனக்குச் சொன்ன புத்தி என்பது மட்டும் தோன்றவில்லை.

மையைத் துடைக்கிற கடைசிக் கட்டம் வெறும் உள்ளங்கையால். இங்கேதான் சிக்கல் தொடங்கியது. வலக்கையால் துடைத்தால் உள்ளங்கை அட்டைக்கரி. அந்தக் கையால் சோற்றைத் தொடக்கூடாது என்று அக்கா கரண்டியைத் தந்தாள். புட்டையும் மீன்குழம்பையும் கரண்டியால் சாப்பிட்ட என்னை, ஏதோ வெள்ளைக்காரன் வழி தவறி வீட்டுக்குள் வந்துவிட்டமாதிரி அத்தான் பார்த்தார். சரியென்று இடக்கைக்கு மாறினேன். அடுத்த கிழமை ஒரு தேவமாதா தகடு வந்தது. தேவமாதாவின் முகத்தை இடக்கையால் துடைப்பதா? (இடக்கையின் மற்ற உத்தியோகம் எல்லோருக்கும் தெரியும், விளக்க வேண்டியதில்லை.) அக்காவிடம் கேட்டேன். அவள் நடுங்கிப்போனாள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தேன்: சாமிகளுக்கு வலக்கை, மரம் மலைகளுக்கு இடக்கை. சாமி நாட்களில் வீட்டுக்கு வந்ததும் அக்கா என் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் பூசி, புளியும் உப்பும் போட்டு உரஞ்சுவாள். கை சிவந்து, பிறகு வெளுத்து, மனிதக் கையாகிவிடும். புளியின் சக்தியில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை வந்தது அப்படித்தான்.

இந்த நிலையில் அந்தோனியார் வந்து சேர்ந்தார்.

கொண்டுவந்தவர் கிழக்கு லண்டன் கோயில் ஒன்றின் பாதர், அயர்லாந்துக்காரர், நல்ல உடம்புக்காரர். கோயில் அலுமாரி ஒன்றின் அடியில் கிடந்ததாம். பதினேழாம் நூற்றாண்டுத் தகடு. மனிதர்கள் பிரசங்கம் கேட்க மறுத்தபோது அந்தோனியார் கடற்கரைக்குப் போய் மீன்களுக்குப் பிரசங்கம் செய்த கதை அதில் இருந்தது. மீன்கள் வரிசை வரிசையாகத் தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தன. திருநாளுக்கு அதிலிருந்து படங்கள் அடித்துச் சனங்களுக்குக் கொடுக்கவேண்டும் என்பது பாதரின் ஆசை.

நான் தகட்டை ஒருமுறை பார்த்தேன். செதுக்கினவன் பெரிய பிழை விட்டிருக்கிறான் என்று மிஸ்ஸுக்கு உடனே அறிவித்தேன். அந்தோனியார் இடக்கையால் ஆசீர்வதித்துக்கொண்டு நிற்கிறார். மிஸ் ஒரு சோதனைப் பிரதி எடுத்துக் காட்டினார். படத்தில் அது வலக்கை. தகட்டில் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறித்தான் இருக்கும் என்பது அத்தனை மாதம் சக்கரம் சுற்றியும் என் மண்டையில் ஏறியிருக்கவில்லை.

மிஸ்ஸுக்கு இந்தத் தகடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. பரோக் காலம் என்று அவர் சொல்லும் அந்தப் பதினேழாம் நூற்றாண்டில், சீர்திருத்தக்காரர்கள் கோயில் சிலைகளை உடைக்க உடைக்க, கத்தோலிக்கப் பக்கத்தார் கடதாசியில் சாமிகளை அடித்துத் தள்ளினார்களாம். திருநாள் வாசலில் மலிவாக விற்பார்கள். சனங்கள் வாங்கிப் பெட்டி மூடிக்குள் ஒட்டுவார்கள், நோயாளியின் தலையணைக்குக் கீழே வைப்பார்கள். (நல்லூர்த் திருவிழாவில் முருகன் படம் வாங்கி அரிசிப் பானைக்கு மேலே ஒட்டுவதுதான், வேறென்ன.) ஒரு பட்டறையில் ஒருவர் முகம் மட்டும் வெட்டுவார், ஒருவர் சீலை மடிப்பு மட்டும். கடலும் வானமும் வேலை பழகுகிறவர்களுக்கு. பட்டறைக்காரரின் மகளைக் கட்டினால் பட்டறையும் கூடவே வரும் என்பதால், மாப்பிள்ளையின் கைவேலையை மாமனார் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பாராம். அதைக் கேட்டு நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே பாவமாக இருக்கிறது.

ஏனென்றால் அந்த நேரம் எனக்கும் ஓர் இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தெற்கு லண்டன் டூட்டிங்கில் மகனோடு இருந்த நாகலிங்கத்தார், ஊரில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர், தன் மகள் மனோகரிக்கு மாப்பிள்ளை தேடினார். சாதகம் பொருந்திவிட்டது. மனோகரியை முதலில் படத்தில் பார்த்தேன், பிறகு ஒரு வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் தூரத்தில் பார்த்தேன். தீபம் காட்டும்போது எல்லோரும் முருகனைப் பார்த்தார்கள், நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்துவிட்டது. இது சரிவராமல் போனால் என்ன செய்வேன் என்று யோசித்தபடி சக்கரத்தை இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிவிடுவேன்.

அக்கா அவர்களிடம் என்னை ‘ஆர்ட் பிரிண்டிங் இஞ்சினியர்’ என்று சொல்லி வைத்திருந்தாள். நாகலிங்கத்தார், சரக்கு ரெயில் கணக்கில் மூன்று பெட்டி கூடுதலாகக் காட்டினால் உடனே கண்டுபிடித்துவிடுகிற ஸ்டேசன் மாஸ்டர். சும்மா விடுவாரா? அக்காவுக்கு ரெலிபோன் எடுத்து, பெடியன் வேலை செய்கிற இடத்தைத் தான் கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். போதாக்குறைக்கு அந்தோனியார் தகடு பற்றியும் அக்கா அவிழ்த்துவிட்டிருந்தாள். நாகலிங்கத்தார் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற சைவர். ஆனால் தொலைந்த சாமான் எதுவானாலும் அந்தோனியாருக்குத்தான் மெழுகுதிரி நேர்வார். ஹீத்ரோவில் காணாமல் போன அவருடைய சூட்கேஸை அந்தோனியார்தான் எடுத்துக் கொடுத்தாராம். ஆகவே என்னையும் பார்த்து, அவரையும் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். அன்றுதான் பாதரும் முதல் அச்சைப் பார்க்க வருவதாக இருந்தது.

மிஸ்ஸிடம் கேட்டேன், பெண்ணின் தகப்பன் வேலையிடம் பார்க்க வரலாமா என்று. அது முறைதானே என்று மிஸ் சாதாரணமாகச் சொன்னார். முந்நூறு வருடப் பழக்கம் அவருக்குக் கைவசம் இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் சாப்பிடும்போது அக்கா கேட்டாள், அந்தத் தகடு எப்படி இருக்கும், பளபளவென்று இருக்குமா என்று. இல்லை, கறுத்துப்போய்த் தேத்தண்ணிச் சாயம் மாதிரி இருக்கும் என்றேன். அக்கா கையில் எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்தாள்.

“கும்பிட வாற மனுசனுக்குக் கறுத்த சாமியையோ காட்டப்போறாய்? குத்துவிளக்கு இப்பிடிக் கிடந்தாலே அந்த வீட்டில பொம்பிளை எடுக்கமாட்டினம்.”

எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. இதுவரை தோன்றாமல் போனதே என்று வெட்கமாகக்கூட இருந்தது. அக்கா சாமான்களைக் கட்டித் தந்தாள். ஒரு உருண்டை புளி. உப்பு. தேய்க்கவென்று எடுத்து வைத்திருந்த தேங்காய்க் குடுமிகள். செங்கட்டித் தூளுக்கு மட்டும் நான் தோட்டத்துக்குப் போய், மதிலிலிருந்து உதிர்ந்து கிடந்த துண்டொன்றை எடுத்து அம்மியில் பொடித்தேன். (கவுன்சில் மதில். கவுன்சிலுக்கு நான் செய்த ஒரே தீங்கு.)

வியாழன் காலை மிஸ் வருவதற்கு முன்னரே போய்த் திறந்தேன். மேற்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தோனியாரைத் தொட்டிக்குள் சாய்த்து, புளியைக் கரைத்து ஊற்றி, செங்கட்டித் தூளைத் தூவி, குடுமியால் தேய்த்தேன். எங்கள் வீடுகளில் விளக்குத் தேய்க்கிற முறைப்படி, வட்டம் வட்டமாக. சாமி என்பதால் வலக்கையால். பக்திப் பாடல் ஒன்றும் பாடியதாக ஞாபகம். முகத்தில் அழுத்தவில்லை, மரியாதைக்காக. கடலில் நன்றாக அழுத்தினேன், அங்கேதான் கறுப்பு அதிகமாக இருந்தது. கழுவி எடுத்தபோது புதுச் செப்புக் குடம் தோற்றது. அதில் என் முகம்கூடத் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே திறமானது இதுதான் என்று நெஞ்சு நிறைந்து நின்றேன். மிஸ் வந்ததும் பார்த்துவிடக்கூடாது, எல்லோரும் ஒன்றாகக் கூடியதும் காட்டவேண்டும் என்று துணி போட்டு மூடி வைத்தேன்.

பதினொரு மணிபோல நாகலிங்கத்தார் வந்தார். கோட்டு, சூட்டு, திருநீறு. வாசலில் நின்று தன் கைக்கடிகாரத்தையும் எங்கள் சுவர்க் கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பாதர் ஏற்கனவே கதிரையில் இருந்தார். மிஸ் மற்ற மேசையில் கடதாசி நனைத்துக்கொண்டு, தகட்டைச் சூடாக்கும்படி என்னிடம் சொன்னார். நான் துணியை விலக்கினேன். தகடு மின்னியது. பாதர் அழகு என்றார். நாகலிங்கத்தார் கைகூப்பினார். மிஸ் கடதாசித் தட்டோடு திரும்பினார், திரும்பியவர் அப்படியே நின்றார். அந்த முகத்தை நான் ஆச்சரியம் என்று எடுத்துக்கொண்டேன். பெருமிதத்தோடு தகட்டைச் சூட்டுப் பலகையில் வைத்து, மையைத் தேய்க்கத் தொடங்கினேன்.

சூடு ஏற ஏற, வாசம் வந்தது.

கோடுகளுக்குள் புளிச்சக்கை போய் அடைந்திருக்கும் என்பதை நான் நினைத்திருக்கவில்லை. அது இப்போது இளகிக் கொதித்தது. ரெயில் பாலத்துக் குகை முழுக்க யாழ்ப்பாணத்து மத்தியானச் சமையல் மணத்தது. பாதர் மூக்கைச் சுருக்கி, யாராவது சாப்பாடு கொண்டுவந்தீர்களா என்று நல்ல நம்பிக்கையோடு கேட்டார். நாகலிங்கத்தார் மட்டும் எனக்குக் கிட்ட வந்து, குரலைத் தணித்தார்.

“தம்பி, புளியோ?”

“ஓம்.”

“செங்கட்டித் தூளும் போட்டனீரோ?”

“கொஞ்சம்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தார். மிஸ்ஸின் முதல் நாள் பேச்சு முழுவதும் அந்த இடத்தில்தான் எனக்குத் திரும்ப வந்தது. நகம் பட்ட கீறலிலும் மை நிற்கும். துணியை எடுத்துத் தகட்டைத் திரும்பவும் மூடப் போனேன். ஆனாலும் மிஸ், தொடங்கியதை முடி என்றார். துடைத்தேன், கடதாசி போட்டேன், சக்கரத்தைச் சுற்றினேன். அவ்வளவு பாரமாக அது என்றைக்கும் இருந்ததில்லை. மிஸ் இரண்டு விரலால் கடதாசியை உரித்தெடுத்து எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார்.

அந்தோனியார் நின்றார், அதில் குறையில்லை. ஆனால் வானம் சுழன்றது. அங்கி சுழன்றது. கடல் முழுக்க வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் வட்டம். என் பக்தி, என் கை போன வழி, ஒன்றும் தப்பாமல் அச்சில் விழுந்திருந்தது. மீன்களின் கண்களுக்குள் புளி அடைத்து மை இறங்காததால், எல்லா மீனும் வெள்ளைக் கண்ணோடு, வாயைப் பிளந்தபடி மேலே பார்த்தன. மேலே ஒரு ரெயில் போனது. கோப்பைகள் நடுங்கி அடங்கின.

நாகலிங்கத்தார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டவந்து பார்த்தார்.

“இது பிரசங்கம் இல்லைத் தம்பி,” என்றார் தமிழில். “குழம்பு. எல்லா மீனும் கொதிச்சுக்கொண்டு நிக்குது.”

பெரியவர் என்ன சொல்கிறார் என்று பாதர் என்னிடம் கேட்டார். படத்தில் நல்ல உயிரோட்டம் இருக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன். பாதரும் அதை ஆமோதித்தார்.

நாகலிங்கத்தார் அந்தப் பிரதியைத் தரமுடியுமா என்று மிஸ்ஸிடம் கேட்டு வாங்கி, காய்வதற்கு நேரம் கொடுத்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டூட்டிங்குக்கு ரெயில் ஏறினார். என்னிடம் வாறன் என்றார். கலியாணம் அந்தச் சுருளுக்குள் போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது.

மிஸ் என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு வழவழப்பான உருக்குக் கம்பியையும் எண்ணெயையும் என் கையில் தந்து, போட்டவனே எடுக்கவேண்டும் என்றார். கீறலின் மேல் அந்தக் கம்பியால் அழுத்தி அழுத்தி, செம்பைத் திரும்பவும் படியவைப்பது. ஒரு மீனுக்கு ஒரு நாள் போகும். அந்தக் கோடை முழுவதும் நான் கடலை அமர்த்திக்கொண்டிருந்தேன். முகத்தை மட்டும் என்னிடம் தரவில்லை, அது மிஸ்ஸே செய்தார். பாதருக்கோ திருநாள் கிட்டிவிட்டதால் காத்திருக்க ஏலவில்லை, சுழல்கிற கடலோடுதான் அடித்துக்கொண்டு போனார். முன்பு துறைமுகத்தில் வேலை செய்த கிழவர் ஒருவர், சாமிப் படத்தில் உண்மையான கடலை இப்போதுதான் கண்டேன் என்று இரண்டு படம் கேட்டு வாங்கினாராம். பாதர் அதை வந்து எனக்குச் சொன்னார். எனக்கு அதில் ஆறுதல் ஏற்படவில்லை.

டூட்டிங்கிலிருந்து பேச்சில்லை. அக்கா, புளியில் பிழையில்லை, நீதான் முரட்டுத்தனமாகத் தேய்த்திருப்பாய் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ரெலிபோன் அடிக்கும்போதெல்லாம் நான் படியில் இறங்கிப் பாதியில் நிற்பேன். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், ஒருநாள் பாதரின் கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஒன்றும் கொளுத்தினேன். தொலைந்த பெண்ணை எடுத்துத் தரும்படி கேட்க எனக்கு என்ன முகம் இருந்தது என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் வந்தது. அக்கா எடுத்தாள். ஓம் என்றாள். பிறகும் ஓம். பிறகு கனநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். நாகலிங்கத்தார் படத்தை விரித்து மேசையில் வைத்து, இந்தப் பெடியன் சரிவரமாட்டான், சாமித் தகட்டைச் சட்டி மாதிரிப் புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறான், இஞ்சினியரும் இல்லை, புத்தியும் மட்டு என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். மனோகரி படத்தைப் பார்த்தாளாம். இதற்கு முன் அவளைப் பார்க்க வந்த ஒருவர், சமைக்கத் தெரியுமா என்று கேட்டவர். இன்னொருவர், கலியாணத்துக்குப் பிறகு வேலையை விடுவாயா என்று கேட்டவர். அவள் அந்த வட்டங்களை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டுத் தகப்பனிடம் சொன்னதை, அக்கா அப்படியே எனக்குச் சொன்னாள்.

“இவ்வளவு வடிவாச் சட்டி மினுக்கிற ஆம்பிளையை நான் இன்னும் காணேல்லை அப்பா. இவரையே பேசுங்கோ.”

பேசினார்கள். முடித்தார்கள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு, பிளேஸ்டோவில் நாங்கள் எடுத்த வீட்டின் குசினியில், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு நேர் மேலே மனோ மாட்டினாள். அதற்குக் கீழே நின்று நான் இந்த வீட்டின் சட்டி, பானை, குத்துவிளக்கு அனைத்தையும் அன்றுதொட்டு மினுக்கி வருகிறேன். திறமையைப் பார்த்து எடுத்த மாப்பிள்ளை என்பதால் மறுத்துப் பேச வழியில்லை. மாமா இருந்தவரை, வீட்டுக்கு வரும்போதெல்லாம் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் கதிரையில் இருப்பார். மீன்குழம்பு வைக்கிற நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் மீன்குழம்பு என்று சொல்வதில்லை. இண்டைக்குப் பிரசங்கம் என்பார்கள். லண்டனில் பிறந்த மகளும் பள்ளிக்கூடச் சிநேகிதிகளிடம் அப்படியே சொல்லி, எங்களைப் பெரிய பக்திமான்கள் என்று ஊரை நம்பவைத்திருக்கிறாள்.

போன கிழமை மகள் ஒரு பெடியனைக் கூட்டிவந்தாள். எங்கள் ஆள்தான், நல்ல வேலை. பிரசங்கம் சாப்பிட்டான். சாப்பிட்டு முடிந்ததும் மனோ அவனுக்கு முன்னால் குத்துவிளக்கையும் ஒரு உருண்டை புளியையும் கொண்டுவந்து வைத்தாள். அவன் முழித்தான், மகளைப் பார்த்தான், பிறகு சேட்டுக் கையை மடித்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனான். மனோ கண்ணால் காட்ட, நான் போய் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனுக்குப் பின்னால் நின்று கொஞ்சநேரம் பார்த்துவிட்டு வந்தேன்.

“எப்பிடி?” என்றாள் மனோ மெதுவாக.

“அச்சடிச்சுப் பாத்தாத்தான் சொல்லலாம்,” என்றேன்.